ஷோகேஸ் பக்திக்கு ஒரு மறுப்பு

"அதைத் தொடாதடா, கிரிஸ்டல்!" கோடம்பாக்கம், வடபழனி, தி. நகர்ப் பக்கத்து வீடுகளில் வளர்ந்த யாரும் இந்த அதட்டலுக்குத் தப்பியிருக்க முடியாது. கூடத்துச் சுவரை ஒட்டி ஒரு ஷோகேஸ். அதில் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை, மகன் ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய கோப்பை, காலியான வெளிநாட்டு சென்ட் பாட்டில். நடுத்தட்டில் பூவேலை வெட்டிய ஆறு கிளாஸும் மூடி போட்ட ஒரு ஜாடியும். துபாயிலிருந்து மாமா கொண்டுவந்ததாக இருக்கும், இல்லாவிட்டால் கல்யாணத்துக்கு யாரோ கொடுத்ததாக இருக்கும். அந்தக் கிளாசில் ஒருவரும் தண்ணீர் குடித்துப் பார்த்ததில்லை. விருந்தாளிக்கு எவர்சில்வர் டம்ளர். வந்தவர் கொஞ்சம் பெரிய மனிதர் என்றால் பீங்கான் கோப்பை. கிரிஸ்டல் வெளியே வருவது வருஷத்துக்கு ஒரு நாள், ஆயுத பூஜைக்கு முன்னால். அன்றைக்கும் துடைக்கத்தான், குடிக்க இல்லை.

இந்தப் பழக்கத்துக்குக் காரணம் கஞ்சத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். இதன் பின்னால் ஒரு தீர்மானமான நம்பிக்கை இருக்கிறது. கண்ணாடி துருப்பிடிக்காது, மக்காது, செல்லரிக்காது. அதற்கு ஒரே எதிரி மனிதனின் கை. கை படாமல் பூட்டி வைத்தால் பேரன் காலம்வரை அப்படியே இருக்கும். கழுவுவதைக் குறைத்தால் ஆயுள் கூடும். படித்தவர், படிக்காதவர் எல்லோரும் ஒப்புக்கொண்ட கருத்து இது. இதில் ஒரு வரிகூடச் சரியில்லை என்பது என் கட்சி. கண்ணாடி கெடும். மூடிய அலமாரியில் இன்னும் சீக்கிரம் கெடும். எடுத்துப் புழங்கி, கழுவி, ஈரம் காய்வதற்குள் துடைத்து வைக்கிற கண்ணாடிதான் பளபளப்போடு நிற்கும்.

இதற்குச் சாட்சி தேடி வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். கோடம்பாக்கத்தின் சினிமாத் தொழிலே கண்ணாடியை நம்பியதுதான். வாஹினி, ஏவி.எம். ஸ்டுடியோக்கள் 1948 வாக்கில் இந்தப் பக்கம் வந்து சேர்ந்ததிலிருந்து, ஊரிலேயே விலை உயர்ந்த கண்ணாடி கைமாறும் இடம் இதுதான் என்று தாராளமாகச் சொல்லலாம். நான் சொல்வது கேமரா லென்ஸை. ஒரு லென்ஸ் செட்டின் விலையில் புறநகரில் ஒரு ஃபிளாட் வாங்கிவிடலாம். அதைப் பார்த்துக்கொள்கிற கேமரா உதவியாளர்களிடம் போய், கண்ணாடிக்கு எது எதிரி என்று கேளுங்கள். கை என்று சொல்லமாட்டார்கள். "ஃபிஃப்டில ஃபங்கஸ் ஏறிடுச்சுண்ணே" என்று ஒருவர் சொன்னால் யூனிட்டில் எல்லோருடைய முகமும் மாறும். 50 மி.மீ. லென்ஸுக்குள் பூஞ்சை படர்ந்துவிட்டது என்று பொருள். விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால் சிலந்தி நூல் கிளை பிரிந்தது மாதிரி வெள்ளையாகத் தெரியும். ஆரம்பத்தில் பார்த்துவிட்டால் துடைத்தெடுக்கலாம். நாளானால் அந்தப் பூஞ்சை கக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்து, தன் படத்தை அங்கேயே பொறித்துவிட்டுப் போகும்.

எந்த லென்ஸுக்கு இது வருகிறது? பொள்ளாச்சி வெயிலிலும் ஊட்டிப் பனியிலும் தினமும் அலைகிற லென்ஸுக்கு அபூர்வம். மழைக்காலம் முழுக்கப் பெட்டிக்குள் கிடந்ததற்குத்தான் பெரும்பாலும் வரும். படம் நின்றுபோய் தயாரிப்பாளர் வீட்டு பீரோவில் தூங்கியது, அப்பா வைத்திருந்த பழைய கேமரா என்று தோல் உறைக்குள் பத்திரப்படுத்தியது. தோல் உறை பூஞ்சைக்குத் தீனி வேறு போடும். லென்ஸ் தயாரிக்கும் ஜெர்மன் நிறுவனமான ஜைஸ் பூஞ்சைக்குச் சொல்லும் காரணங்கள் சில: மூன்று நாளுக்கு மேல் நீடிக்கும் 70 சதவீத ஈரப்பதம், காற்றோட்டம் இல்லாமை, இருட்டு, தூசியும் பிசுக்கும். இரண்டாம் உலகப்போரின்போது பர்மாக் காடுகளிலும் பசிபிக் தீவுகளிலும் சிப்பாய்களின் தொலைநோக்கிகள் மங்கிப்போனது இதனால்தான். அதை எப்படித் தடுப்பது என்று அன்றைக்கு விஞ்ஞானிகள் தனியாக உட்கார்ந்து ஆராய்ச்சி செய்ய வேண்டியிருந்தது. இப்போது நம் கூடத்து ஷோகேஸைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகைக் காலைகளில் சென்னைக் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தொடும். சறுக்குக் கண்ணாடிக் கதவு மூடியிருப்பதால் காற்றோட்டம் இல்லை. உள்ளே இருக்கும் குட்டி பல்பு ஃபியூஸ் போய்ப் பல காலம் ஆகியிருக்கும், ஆக இருட்டும் உண்டு. பிசுக்குக்கு அடுப்படி பத்தடி தூரத்தில் இருக்கிறது.

"லென்ஸுக்குள்ளே பசையும் பூச்சும் இருக்கு, அதனால பூஞ்சை பிடிக்குது. தண்ணி குடிக்கிற கிளாசை எது வந்து தின்னும்?" என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கிளாசைத் தின்பதற்குப் பூஞ்சை வரவேண்டிய அவசியமே இல்லை. ஈரமே போதும்.

சாதாரணக் கண்ணாடி என்பது மணலோடு சோடாவும் சுண்ணாம்பும் சேர்த்து உருக்கியது. காற்றின் ஈரம் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படியும்போது, கண்ணாடிக்குள் இருக்கும் சோடியம் கொஞ்சம் கொஞ்சமாக அந்த ஈரத்துக்குள் இறங்குகிறது. கழுவிவிட்டால் அது அதோடு போயிற்று. கழுவாமல் விட்டால் அந்த மெல்லிய ஈரம் நாளாக நாளாகக் காரமேறி, கடைசியில் கண்ணாடியின் உடம்பான சிலிக்காவையே கரைக்க ஆரம்பிக்கும். முதலில் பனி படர்ந்தது போன்ற மங்கல், பிறகு வானவில் நிறம், அப்புறம் எதற்கும் போகாத வெண்மை. ஜன்னல் கண்ணாடி முப்பது வருஷம் மழையில் நனைந்தும் தெளிவாக நிற்கிறதே என்றால், மழை அதைக் கழுவிக்கொண்டே இருப்பதால்தான். அதே கண்ணாடியைப் பலகை பலகையாக அடுக்கிக் கிடங்கில் போட்டால் கறை பிடிக்கும். தேவராஜ முதலித் தெருவில் கண்ணாடி விற்பவர்களிடம் கேட்டால், மழைக்காலத்தில் அடுக்கோடு தேங்கிவிட்ட சரக்கைப் பற்றி ஒரு பாட்டம் புலம்புவார்கள். 2000ஆம் ஆண்டு முதல் ஸ்ரீபெரும்புதூரில் பலகைக் கண்ணாடி வார்க்கிற செயின்ட் கோபேன் மாதிரியான ஆலைகளின் தொழிலில், பலகைகளுக்கு நடுவே தாள் வைத்தோ பொடி தூவியோ அனுப்புவது அடிப்படைப் பாடம். அந்தப் பொடி கீறல் விழாமல் காப்பதோடு, தேங்கும் ஈரத்தின் காரத்தையும் முறிக்கிறது. கண்ணாடியைச் செய்கிறவனுக்கே பூட்டி வைப்பதில் பயம் இருக்கிறது. நமக்கு மட்டும் என்ன தைரியமோ!

கிரிஸ்டலின் கதையே இந்தக் கோளாறில்தான் தொடங்குகிறது. லண்டன் வணிகர் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் 1674இல் ஒரு புதுக் கண்ணாடிக்குக் காப்புரிமை வாங்கினார். ஸ்படிகம் போல இருக்கிறது என்று பிரபுக்கள் வாங்கிப்போனார்கள். கொஞ்ச காலத்தில் கிளாஸ்கள் கசிந்து, மங்கி, உள்ளே நரம்பு நரம்பாக வெடிப்போடின. யாரும் கீழே போடவில்லை. கலவையில் உப்புச்சத்து கூடிப்போய் ஈரத்தில் தானே நொந்துவிட்டது. அந்த அவமானத்துக்குப் பிறகுதான், 1676 வாக்கில், ஈய ஆக்சைடு சேர்த்து அதைச் சரி செய்தார். இன்றைய ஈயக் கிரிஸ்டலுக்கு அதுதான் மூலம். அந்தக் கண்ணாடி வகைதான் பின்னால் பிளின்ட் கண்ணாடி என்ற பெயரில் தொலைநோக்கிக்குள் போயிற்று. 1758இல் ஜான் டாலண்ட் காப்புரிமை பெற்ற, நிறம் பிசிறாத லென்ஸ் இந்த ஈயக் கண்ணாடியும் சாதாரணக் கண்ணாடியும் சேர்ந்த ஜோடி. ஆக, கோடம்பாக்கத்து லென்ஸும் கூடத்து ஷோகேஸில் இருக்கும் கிளாஸும் பங்காளிகள். ஒருவருக்கு ஆகாதது இன்னொருவருக்கும் ஆகாது.

நம்பாதவர்கள் அந்த மூடி போட்ட ஜாடியை எடுத்துப் பாருங்கள். செட்டில் முதலில் மங்குவது எப்போதும் ஜாடிதான், அதுவும் உட்புறம். என்ன நடந்தது? ஆயுத பூஜை அன்று கழுவினார்கள். வெளியே துடைத்தார்கள். குறுகலான கழுத்துக்குள் துணி போகவில்லை. நாலு சொட்டுத் தண்ணீர் அடியில் நிற்க, மூடியை இறுக்கிப் போட்டு அலமாரியில் ஏற்றினார்கள். அந்த நாலு சொட்டும் வருஷம் முழுக்க உள்ளேயே ஆவியாகி, படிந்து, மறுபடி ஆவியாகிக் கண்ணாடியை அரித்துக்கொண்டிருந்தது. பழம்பொருள் வியாபாரத்தில் இப்படிப்பட்ட ஜாடிக்கு நோய்ப்பட்ட கண்ணாடி என்றே பெயர். உள்ளே லேசாக எண்ணெய் தடவினால் மங்கல் கொஞ்ச நாள் மறையும். அப்படித் தடவி விற்கிற கைகாரர்களும் உண்டு, வாங்குமுன் முகர்ந்து பார்ப்பது நல்லது. இது பத்திரமாக வைத்ததால் வந்த நோய். வாரத்துக்கு ஒரு முறை மோர் ஊற்றிக் கழுவி, மூடியில்லாமல் காயவைத்திருந்தால் இந்த ஜாடி இன்றைக்கும் வாய் திறந்து பேசும்.

இந்த விஷயம் நம் பெண்களுக்குத் தெரியாததல்ல. தி. நகரில் வாங்கிய பட்டுப் புடவையை ஒரே மடிப்பில் வருஷக்கணக்கில் வைத்தால் சரிகை மடிப்போடு விட்டுப்போகும் என்று மூன்று மாதத்துக்கொரு முறை எடுத்து, உதறி, மடிப்பை மாற்றுகிறார்கள். பட்டுக்குக் காட்டிய அந்த அறிவைக் கண்ணாடிக்குக் காட்டாததற்குக் காரணம், கண்ணாடி சாகாது என்ற அந்தப் பிடிவாதம் மட்டுமே.

ஷோகேஸின் மரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிளைவுட், பசை, வார்னிஷ் எல்லாம் ஃபார்மால்டிஹைடையும் காடிப்புளிப்பான ஆவிகளையும் பல வருஷம் மெதுவாக வெளிவிடும். மூடிய பெட்டியில் அவை போக வழியில்லை. ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் மர அலமாரிக்குள் பூட்டியிருந்த கண்ணாடிப் பண்டங்களின் மேல் வெண்மையாக ஒரு உப்பு பூத்திருந்ததை ஆராய்ந்தபோது, மரத்திலிருந்து வந்த அந்த ஆவியும் கண்ணாடியிலிருந்து கசிந்த சோடியமும் கூடி உண்டான சோடியம் ஃபார்மேட் என்று கண்டார்கள். புத்தம்புது ஷோகேஸைத் திறந்ததும் மூக்கில் ஏறும் வாடை நினைவிருக்கிறதா? கிளாஸ்களும் அதைத்தான் சுவாசித்துக்கொண்டிருக்கின்றன.

சரி, இனி எதிர்க்கட்சியின் பலமான வாதத்துக்கு வருவோம். "அடிக்கடி கழுவச் சொல்றீங்களே, எங்க போர் தண்ணியைப் பாத்திருக்கீங்களா? பக்கெட்டே வெள்ளையாப் போகுது." உண்மை. கோடம்பாக்கத்துப் பல அடுக்ககங்களில் மெட்ரோ வாட்டர் குடிக்க, போர் தண்ணீர் மற்றதற்கு என்றுதான் பங்கீடு. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம்வரை இருக்கலாம், வேறு வழியில்லாத இடத்தில் 600வரை பொறுத்துக்கொள்ளலாம். 600 என்றே வைத்துக்கொள்வோம். கழுவிக் கவிழ்த்த கிளாசில் பத்துச் சொட்டு, அதாவது அரை மில்லி ஒட்டியிருந்தால், அது காயும்போது 0.3 மில்லிகிராம் சுண்ணாம்பு கிளாசில் தங்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு. அப்படியே நூறு தடவை காயவிட்டால் 30 மில்லிகிராம். அது நன்றாகவே தெரியும். ஆனால் கணக்கைக் கவனியுங்கள்: கறை தங்கியது கழுவியதால் அல்ல, காயவிட்டதால். ஈரமாக இருக்கும்போதே துடைத்துவிட்டால் அந்தப் பத்துச் சொட்டும் சுண்ணாம்போடு துணிக்குப் போய்விடுகிறது, நூறு தடவை கழுவினாலும் கறை பூஜ்யம். நம் வழக்கமோ, கழுவிக் கூடையில் கவிழ்த்துவிட்டு சீரியல் பார்க்கப் போவது.

கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ ஒரு டம்ளர் போதும். அதிலே உப்பு குறைவு. ரொம்பக் கவலைப்படுகிறவர்கள் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வாங்கும் டிஸ்டில்டு வாட்டரைப் பயன்படுத்தலாம். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரும் மென்மைதான் என்றாலும் அதில் தூசியும் கிருமியும் உண்டு, தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வீட்டுக் குறிப்பு மேதாவிகள். வினிகரில் ஊறவை, எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய், சமையல் சோடாவைக் குழைத்துப் பூசு, விபூதி போடு. நாலும் நாலு திசையில் கெடுக்கும். வினிகர் புளிப்பு சுண்ணாம்பைக் கரைக்கும் என்பது சரிதான். சாதாரணக் கண்ணாடியில் கறை பட்ட இடத்தை வினிகர் நனைத்த துணியால் ஒற்றி, உடனே அலம்பிவிட்டால் தப்பில்லை. ஆனால் ஈயக் கிரிஸ்டலை ராத்திரி முழுக்கப் புளிப்பில் ஊறவைப்பது, ஈயத்தை உருவி எடுக்கிற வேலை. மேற்பரப்பு சொரசொரத்துப் போகும், பிறகு என்ன தேய்த்தாலும் ஒளி வராது. விபூதி வெள்ளிக்குச் சரி. சாம்பலில் சிலிக்கா உண்டு, தூசியில் மணல் உண்டு. கனிமங்களின் கடினத்தன்மை அளவுகோலில் மணல் ஏழு, கண்ணாடி ஐந்து, ஐந்தரை. ஈயம் சேர்ந்தது இன்னும் மென்மை. எதை எது கீறும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் இதே ரகம், அதிலே கடினக் கனிமத்தூள் ஒட்டியிருக்கிறது. தங்கக் கரை போட்ட கிளாஸ் என்றால் ஒரே தேய்ப்பில் கரை போய்விடும், அது காகிதத்தைவிடப் பலமடங்கு மெல்லிய பூச்சு. பாத்திரம் கழுவும் இயந்திரமும் வேண்டாம். அதன் சூடும் காரமும் சேர்ந்து கண்ணாடியை அரித்தால் வரும் மங்கலுக்கு மருந்து கிடையாது. நல்லது என்று நான் ஒப்புக்கொள்ளும் ஒரே பாட்டி வைத்தியம், ஜாடிக்குள் ஒரு பிடி பச்சரிசி நொய்யும் சோப்புத் தண்ணீரும் போட்டுச் சுழற்றுவது. அரிசி மெது, கீறாது, கை போகாத மூலையையும் தொடும். உமி கலக்காத நொய்யாக இருக்கட்டும்.

பிறகு எப்படித்தான் கழுவுவது? ஒரு பிளாஸ்டிக் பேசின், அடியில் மடித்த துண்டு. கிரானைட் சிங்க்கில் வைத்துக் கழுவவே கூடாது, உடைவதில் பாதி அங்கேதான். மோதிரத்தைக் கழற்றுங்கள், வைரம் பதித்ததென்றால் கட்டாயம். குளிக்கிற சூட்டைவிடக் குறைந்த வெதுவெதுப்பான தண்ணீரில் நாலு சொட்டு சோப்புத் திரவம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கிளாஸ். நார் வேண்டாம், ஸ்பாஞ்சும் அவசியமில்லை, விரல் போதும். வெட்டுப் பள்ளங்களுக்கு ஒரு பழைய மெத்தென்ற பல்துலக்கி. விரல் நுனியில் வழுக்கல் நின்று லேசாகக் கீச்சென்று பிடித்தால் பிசுக்குப் போயிற்று என்று அர்த்தம். அலசி, கேன் தண்ணீர் ஊற்றி, உடனே துணி. துணியில்தான் சூட்சுமம். கடையில் விற்கும் புதுத் துண்டு நூல் விடும். பலமுறை துவைத்து நைந்த பருத்தி வேட்டிக்கு இணை கிடையாது, கஞ்சி போட்டதாக மட்டும் இருக்கக் கூடாது. ஒரு முனையைக் கிளாசுக்குள் திணித்து, இன்னொரு முனையால் வெளியே பிடித்து, கிண்ணப் பகுதியைப் பிடித்துத்தான் திருக வேண்டும். அடித்தட்டை ஒரு கையிலும் கிண்ணத்தை மறு கையிலும் பிடித்து எதிரெதிராகத் திருகினால் நடுத்தண்டு முறிந்துவிடும். நீள்தண்டு கிளாஸ்கள் கீழே விழுந்து உடைவதைவிட, துடைக்கும் கையிலேயே முறிவதுதான் அதிகம்.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், பழி எப்போதும் வேறொருவர் தலையில் விழுகிறது. "வேலைக்காரம்மா கையில கிரிஸ்டலைக் குடுக்காத, ஒடச்சிடுவா" என்பது நம் வீடுகளின் வேதவாக்கு. தினம் அறுபது பாத்திரம் கழுவுகிற கை அது. கைக்குப் பழக்கம் இல்லாமல் போனது, வருஷத்துக்கு ஒருநாள் மட்டும் அந்தக் கிளாசைத் தொடுகிற நமக்குத்தான். அதே அக்காவிடம் ஒரு பேசினும் துண்டும் நேரமும் கொடுத்து, அவசரம் இல்லை என்று சொல்லிப் பாருங்கள். காலை பத்து மணிக்குள் நாலு வீடு முடிக்க வேண்டிய ஒருவரை அவசரப்படுத்திவிட்டு, கிரானைட் மேடைமேல் ஆறு கிளாசையும் நெருக்கி அடுக்கிவிட்டு, உடைந்ததும் சம்பளத்தைப் பேசுவது எந்த நியாயத்திலும் சேராது.

நீரில் முங்கினாலே கண்ணாடி போய்விடும் என்று பயப்படுபவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் கார்னிங் என்ற ஊரின் கண்ணாடி அருங்காட்சியகத்துக்குள் 1972 ஜூனில் ஆற்று வெள்ளம் புகுந்தது. அங்கிருந்த 13,000 பண்டங்களில் சேதப்பட்டவை 528. மற்றவற்றைச் சேற்றிலிருந்து எடுத்துக் கழுவித் திரும்ப வைத்துவிட்டார்கள். நூலகத்துப் புத்தகங்களுக்குத்தான் பெருஞ்சேதம். 2015 டிசம்பரில் அடையாற்றங்கரைக்காரர்களுக்கும் இதுதானே அனுபவம்! சோபாவும் மெத்தையும் குப்பைக்குப் போயின. கண்ணாடிச் சாமானைக் கழுவி எடுத்துக்கொண்டோம்.

இனி ஈயம். இந்த ஒரு எதிர்வாதத்துக்கு மட்டும் நான் பாதி வழிவிடுவேன். 1969இல் ஐரோப்பியச் சமூகம் வகுத்த விதிப்படி, ஈய ஆக்சைடு 24 சதவீதமாவது இருந்தால்தான் ஈயக் கிரிஸ்டல் என்று அழைக்கலாம். 30 இருந்தால் உயர்தரம். அவ்வளவு ஈயம் பானத்தில் இறங்காதா? இறங்கும். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிராசியானோவும் பிளமும் 1991இல் வெளியிட்ட ஆய்வில், ஈயக் கிரிஸ்டல் ஜாடியில் மாதக்கணக்கில் வைத்த போர்ட் ஒயினில் ஈயத்தின் அளவு பல மடங்கு ஏறியிருந்தது. கிளாசில் ஊற்றிய ஒயினிலும் சில நிமிடங்களில் கொஞ்சம் இறங்கியது. ஆகவே உண்மையான ஈயக் கிரிஸ்டலில் எலுமிச்சை ஜூஸ், ரசம், ஊறுகாய், மது எதையும் சேமித்து வைக்காதீர்கள். கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் அதில் எதுவும் ஊற்றிக் கொடுக்காதீர்கள். நான் மோர் ஊற்றச் சொன்ன ஜாடியும் ஈயமில்லாததாக இருக்கவேண்டும், மோரும் புளிப்புதானே. பழைய வில்லன் நடிகர்கள் செட்டில் வெட்டுக் கண்ணாடி ஜாடியைச் சாய்த்து ஊற்றிக்கொள்வார்களே, அதில் இருந்தது கலர் தண்ணீர். அவர்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

ஆனால் இந்த வாதத்தை ஷோகேஸ் கட்சிக்காரர்கள் எழுப்பும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. ஈயத்துக்குப் பயந்தா இத்தனை வருஷம் பூட்டி வைத்தார்கள்? அவர்கள் பூட்டி வைத்திருப்பதில் பெரும்பகுதியில் ஈயமே கிடையாது. கடைத்தெருவில் கிரிஸ்டல் என்று விற்பதில் பெரும்பாலானது அச்சில் அழுத்தி எடுத்த சாதாரணச் சோடாக் கண்ணாடி. பக்கவாட்டில் விரலை ஓட்டினால் அச்சு கூடிய வரம்பு தட்டும், பூவேலையின் ஓரம் மழுங்கலாக இருக்கும். கையால் வெட்டியது என்றால் ஓரம் கூர்மையாக இருக்கும். ஈயம் சேர்ந்தது கையில் எடுத்ததும் கனக்கும்: சாதாரணக் கண்ணாடியின் அடர்த்தி 2.5 என்றால் இதனுடையது 2.9க்கு மேல். சுண்டினால் மணிபோல நீண்டு ஒலிக்கும். மற்றது டக்கென்று நின்றுவிடும். அண்மைக் காலத்தில் உயர்ரக நிறுவனங்களே பேரியம், துத்தநாகம், டைட்டானியம் என்று மாற்றிக்கொண்டுவிட்டன. அவற்றில் தாராளமாகக் குடிக்கலாம். உண்மையிலேயே ஈயமுள்ளது வீட்டில் இருந்தால் அதைப் பூ வைக்கப் பயன்படுத்துங்கள், மேஜையில் முந்திரியும் கற்கண்டும் வையுங்கள். வாரம் ஒரு முறை கழுவுங்கள். புழங்குவதற்குக் குடிப்பது ஒன்றுதான் வழி என்று யார் சொன்னது? காபி மட்டும் எதிலும் ஊற்ற வேண்டாம். தடித்த வெட்டுக் கண்ணாடி சூட்டில் உள்ளே விரிந்து வெளியே விரியாமல் வெடிக்கும். அதற்குப் போரோசிலிகேட் கண்ணாடி இருக்கிறது, அதன் விரிவு மூன்றில் ஒரு பங்குதான்.

மிச்சமிருப்பது ஒரு ஆட்சேபம். புழங்கினால் உடையும், கண்ணாடி உடைந்தால் வீட்டுக்கு ஆகாது. சகுனத்தைப் பற்றிக் கோடம்பாக்கத்தில் பேசலாமா? பூஜை போடாமல் ஒரு ஷாட் எடுக்காத ஊர், சண்டைக் காட்சிக்கென்று லாரி லாரியாகக் கண்ணாடியை இறக்கி நொறுக்கிவிட்டு மறுநாள் படத்தை வெள்ளி விழாவுக்கு வேண்டிக்கொள்கிறது. உடையும் என்பது மட்டும் உண்மை. பத்து வருஷம் புழங்கினால் ஆறில் ஒன்றோ இரண்டோ போகும், மறுக்கவில்லை. பூட்டி வைத்தால் ஆறும் சேர்ந்தே மங்கும், அதுவும் யாரும் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல். விளிம்பில் பொடி மூளி விழுந்ததைக் குடிக்கத் தராமல் பேனா வைக்க எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சம் ஐந்தை விருந்துக்கு எடுங்கள். ஆறாவது ஆளுக்கு வேறு ஜாதிக் கிளாசில் கொடுத்தால் அவர் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடப் போவதில்லை.